செல்ப் மோட்டார் மேல் விழுந்த பழி

சனிக்கிழமை என்றால் மற்ற ஊர்களில் பாதி விடுமுறை. திருப்பூரில் அது சம்பள தினம். வாரம் முழுவதும் பனியன் தைத்த கைகள் அன்று சாயங்காலந்தான் காசை எண்ணும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கறிக் கடை, குழந்தைக்கு ஒரு பொட்டலம் மிக்சர், ஊரில் இருக்கும் தாயாருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்தச் சாயங்காலத்தை நம்பியே இருக்கின்றன. ஆகையால் சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு வண்டி கிளம்ப மறுத்தால், அது அந்த வண்டிக்காரருடைய கஷ்டம் மட்டும் அன்று.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு தம்பதிகள் ‘பவர் டேபிள்’ வைத்திருக்கிறார்கள். வெளியூர் நேயர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிடும். அதை வாங்கி வந்து ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் தைத்து, எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சிறு தொழிற்சாலைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். இவர்களிடம் எட்டு மெஷின்கள் இருக்கின்றன. ஒன்றில் புருஷனே உட்கார்ந்து தைப்பார். மனைவி கணக்கு, கட்டு, கம்பெனிப் பேச்சு எல்லாம் பார்த்துக்கொள்வாள். கட்டுகளை ஏற்றிச் செல்ல ஒரு பழைய அம்பாஸிடர் கார். 1980-களில் வெளிவந்த மார்க் 4. பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டால் அந்த வண்டி விழுங்கும் மூட்டைகளைப் பார்த்துச் சிறிய லாரிகளே வெட்கப்பட வேண்டும். வங்காளத்தில் உத்தர்பாராவில் 2014-ஆம் வருஷத்தோடு அம்பாஸிடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் தெருக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக எட்டவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த வண்டிக்கு மூன்று மாதமாக ஒரே வியாதி. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல், அவ்வளவுதான். நம்மவர்கள் இதை ‘செல்ப் எடுக்கவில்லை’ என்பார்கள். முதல் தடவை பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றினார்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் பிரித்து, ஆர்மேச்சர் போய்விட்டது என்று சொல்லிக் கம்பி புதிதாகச் சுற்றினார்கள். இரண்டுக்குமாக மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். வியாதி அப்படியே இருந்தது. ‘இனி மோட்டாரையே புதிதாக வாங்கிப் போட வேண்டியதுதான்’ என்று தீர்ப்பாயிற்று.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. செல்ப் எடுக்காத வண்டிக்குப் பழைய கால வைத்தியம் ஒன்று உண்டு அல்லவா? முன்புறத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றுவது. என் அடுத்த வீட்டுக்காரர் பத்து நாள் அப்படியே சுற்றிக் கிளப்பினார். பதினோராம் நாள் என்ஜின் எதிர்த்து உதைத்தது. கைப்பிடி திரும்பி அடித்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. தையற்காரருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? எட்டு மெஷின்களில் ஒன்று மூலையில் மூடிக் கிடந்தது. வண்டி ஓட்டும் வேலையும் மனைவியிடம் வந்து சேர்ந்தது.

சென்ற சனிக்கிழமை காலை, மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகு, அந்த அம்மாள் எங்கள் வேலி ஓரத்தில் வந்து நின்றாள்.

“வாத்தியாருங்க, கொஞ்சம் கை குடுங்க. இன்னைக்கும் தள்ளித்தான் விடோணும்.”

நானும், மெஷினை நிறுத்திவிட்டு வந்த ஐந்து பெண்களும் சேர்ந்து தள்ளினோம். வண்டி கிளம்பிப் போயிற்று. ஆனால் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால் திரும்ப எடுக்காது. வெய்யிலில் தள்ளுவதற்கு ஆள் தேடி, பில் வாங்கி, அவள் வீடு வந்து சேரும்போது மணி எட்டரை. ஏழு பேர் அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சம்பளம் கிடைத்தது. கடைசி பஸ் ஒருத்திக்குத் தப்பிவிட்டது.

அந்த இரவு எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் மெக்கானிக் அல்ல. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவன். மின்சாரத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதத் தெரியும். எண்ணெய்க் கறை படிந்த மோட்டாரில் அதைத் தேடிப் பழக்கம் குறைவு. ஆகையால் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். பஸ் பணிமனையில் மின்சாரப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

“மோட்டாரைக் கழட்டாதீங்க வாத்தியாரே. காலையில நானே வர்றேன்.”

கதையை இங்கே சற்று நிறுத்தி, இந்த செல்ப் மோட்டார் என்பது என்ன பிராணி என்று சொல்லிவிட வேண்டும்.

மோட்டார் வண்டி தோன்றிய புதிதில் எல்லா வண்டிகளையும் கையால் சுற்றித்தான் கிளப்பினார்கள். முறிந்த மணிக்கட்டுகள் அந்தக் காலத்தில் வைத்தியர்களுக்கு நல்ல வருமானம். மின்சாரத்தால் சுற்றலாமே என்று பலருக்கும் தோன்றியது. ஆனால் என்ஜினைச் சுற்றக்கூடிய மோட்டார் வண்டி அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பெரிய எஞ்சினீயர்கள் கையை விரித்தார்கள். அமெரிக்காவில் டேடன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அதற்கு முன் கடைகளில் காசு வாங்கிப் போடும் யந்திரத்துக்கு மின்சார மோட்டார் வைத்தவர். காசுப் பெட்டி நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை; ஒரு தடவை ‘சடக்’ என்று திறந்தால் போதும். சில விநாடிகளுக்கு மட்டும் வேலை என்றால், சின்ன மோட்டாரிலும் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் செலுத்திப் பெரிய பலத்தை வாங்கிவிடலாம் என்பது அவருக்கு அங்கே தெரிந்தது. அந்த யுக்தியை 1911-ல் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது.

இதில் நமக்கு உள்ள பாடம் ஒன்றுண்டு. செல்ப் மோட்டார் ஓட்டப் பந்தயக்காரன்; பார வண்டி மாடு அன்று. சிறிய பெட்ரோல் காரிலேயே நூறு, நூற்றைம்பது ஆம்பியர் இழுக்கும். சாவியைத் திருகிக்கொண்டே அரை நிமிஷம் நின்றால் உள்ளே கம்பி வெந்து போகும். பத்து விநாடிக்கு மேல் சுற்றவிடக் கூடாது. எடுக்காவிட்டால் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுத்துப் பிறகு முயல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் புதிதாக வண்டி பழகும்போது இதைச் சொல்லிக் கொடுப்பார் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வந்தார். கையில் ஒரு ஸ்பானரும் இல்லை. “அம்மிணி, ஹெட்லைட்டைப் போடு” என்றார். பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று வண்டிக்கு எதிரே ஒரு பழைய போர்வையைப் பிடிக்கச் சொன்னார். விளக்கு எரிய, சாவியைத் திருகச் சொன்னார். ‘டக்’, முனகல். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை.

மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்றது இந்தப் பரீட்சை. திருகும்போது விளக்கு அநேகமாக அணைந்து போனால், பாட்டரி பலவீனமாக இருக்கலாம். அல்லது அதன் முனைகளில் பூஞ்சை பூத்துப் பிடிப்பு விட்டிருக்கலாம். அல்லது மோட்டாரே உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு அளவுக்கு மேல் மின்சாரத்தைக் குடிக்கலாம். விளக்குப் பிரகாசமாக இருந்து மோட்டார் அசையாவிட்டால், பாட்டரியில் பணம் இருக்கிறது. கேட்டவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டி இரண்டாவது ரகம்.

நான் என் வோல்ட் மீட்டரை எடுத்து வந்தேன். பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 12.6 வோல்ட். அதாவது பாட்டரி நிறைந்திருக்கிறது. (12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று கொள்ளலாம்.) திருகும்போது 12.1-க்கு இறங்கிற்று. நல்ல மோட்டார் ஒழுங்காக இழுத்தால் இது பத்துக்கு அருகில் வருவது சகஜம். ஒன்பதரைக்குக் கீழே போனால் பாட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே 12.1-லேயே நின்றது. மோட்டாருக்கு வயிறு நிறையவில்லை என்பதை அதுவே சொல்லிற்று.

பெரியவர் பானெட்டுக்குள் குனிந்து, “சாவியை இன்னொரு தடவை திருகு” என்று சொல்லிவிட்டு, சோக் கம்பியின் மேல் விரலை வைத்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார். “தொட்டுப் பாருங்க வாத்தியாரே.” தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டி மாதிரி சுட்டது! குளிர் காலத்தில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பதற்காக இழுக்கும் அந்த மெல்லிய கம்பிக்கும் செல்ப் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இதுதான். மின்சாரம் போனால் மட்டும் போதாது. திரும்பி வர வேண்டும். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து தடித்த கம்பி வழியாக மோட்டாருக்குப் போகிற மின்சாரம், மோட்டாரின் இரும்பு உடல் வழியாக என்ஜினுக்கும், என்ஜினிலிருந்து வண்டியின் பாடிக்கும், பாடியிலிருந்து பாட்டரியின் மற்ற முனைக்கும் வந்து சேர வேண்டும். என்ஜினோ அதிராமல் இருப்பதற்காக ரப்பர்க் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே என்ஜினையும் பாடியையும் இணைக்கச் செம்புக் கம்பிகளால் ஜடை மாதிரி பின்னிய ஒரு பட்டை உண்டு. மெக்கானிக்குகள் அதை ‘எர்த் பட்டை’ என்கிறார்கள். அது அறுந்தாலும் பிடிப்பு விட்டாலும் மின்சாரம் வேறு வழி தேடும். எங்கள் வண்டியில் சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர்க் கம்பி என்று கிடைத்த சந்து பொந்துகளில் எல்லாம் புகுந்து திரும்ப முயன்றிருக்கிறது. ஆனை போகும் வீதியை அடைத்துவிட்டு அதைப் பூனைச் சந்தில் போகச் சொன்ன கதை.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் உடல் மீதும், மற்றதைப் பாட்டரியின் நெகடிவ் முனை மீதும் வைத்துத் திருகச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் ஏழு வோல்ட் காட்டிற்று! பாட்டரி கொடுத்த பன்னிரண்டில் பாதிக்கு மேல் திரும்பும் வழியிலேயே செலவாகிவிட்டது. மோட்டாருக்குக் கிடைத்தது ஐந்து. அது முனகாமல் என்ன செய்யும்?

முன்பு பார்த்த மெக்கானிக்கை நான் குறை கூற விரும்பவில்லை. அவர் சோதனை பண்ணாமல் இல்லை. டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தார்; விளக்கு ஜோராக எரிந்தது; எர்த் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்தார். எல்லாரும் ஏமாறும் இடம் அது. ஜார்ஜ் ஓம் என்பவர் ஜெர்மனியில் எங்களைப் போல ஒரு பள்ளி உபாத்தியாயர். 1827-ல் அவர் வெளியிட்ட விதியைத்தான் நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். பழுதான பட்டையின் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆம்பியர் இழுக்கும் ஒரு விளக்கு அதன் வழியே எரிந்தால் நஷ்டம் கால் வோல்ட். கண்ணுக்கே தெரியாது. அதே பட்டை வழியே மோட்டார் நூற்றைம்பது ஆம்பியர் கேட்டால் நஷ்டம் ஏழரை வோல்ட்! ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடந்து போய்விட்டதைப் பார்த்துத் தேரும் போகும் என்று சொல்லலாமா? பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதாவது மோட்டாரைத் திருகிக்கொண்டே அளக்க வேண்டும். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய நான், அடுத்த வீட்டு வண்டிக்கு மூன்று மாதமாகப் போட்டுப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர் இன்னொரு நிரூபணமும் காட்டினார். பாட்டரிக்குப் பாட்டரி இணைக்கும் தடித்த ஜம்பர்க் கம்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு முனையைப் பாட்டரி நெகடிவ்விலும் மற்றதை என்ஜினின் இரும்பிலும் கவ்வவிட்டார். “இப்பத் திருகு அம்மிணி.” என்ஜின் அரை விநாடியில் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள். புருஷர் தம் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

வண்டிக்கு அடியில் பார்த்ததில் சங்கதி விளங்கிற்று. பட்டையில் பாதிக் கம்பிகள் பச்சைப் பூஞ்சை பூத்து இற்றுப் போயிருந்தன. அது மட்டுமன்று; பாடியில் முடுக்கியிருந்த இடத்தில் பளபளவென்று புதிய பெயிண்ட்! “போன ஆயுத பூஜைக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சமுங்க” என்றார் புருஷர். பட்டையைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து, பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கிவிட்டார்கள். பூஜைக்கு அழகு செய்யப் போய் வந்த வினை. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்படி தேய்த்து, புதுப் பட்டை போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். பட்டையின் விலை நூற்றைம்பது ரூபாய்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் செல்ப் மோட்டார் சுத்த நிரபராதி என்று தீர்ப்பாகியிருக்கும். அப்படியும் இல்லை. நாலைந்து தடவை கிளப்பிப் பார்த்ததில் ஒரு தடவை மோட்டார் ‘விர்ர்’ என்று தனியே சுற்றியது, என்ஜின் அசையவில்லை. “இப்பத்தான் கழட்டோணும்” என்றார் பெரியவர்.

அந்தக் காலத்து அம்பாஸிடரில் உள்ள மோட்டாருக்கு ‘பெண்டிக்ஸ்’ என்று ஒரு பாகம் உண்டு. மோட்டாரின் அச்சில் திருகு வெட்டியிருக்கும். அதன் மேல் ஒரு சிறு பல்சக்கரம் தளர்வாக அமர்ந்திருக்கும். அச்சு திடீரென்று சுழலும்போது பல்சக்கரம் தன் பாரத்தால் பின்தங்கி, திருகின் மேல் ஓடிப் போய் பிளைவீல் பற்களில் மாட்டிக்கொள்ளும். என்ஜின் பிடித்து வேகம் எடுத்ததும் அதுவே பின்னால் தள்ளப்பட்டு வந்துவிடும். நெம்புகோலும் இல்லை, தள்ளுவதற்கு ஆளும் இல்லை. ஆனால் அந்தத் திருகில் அழுக்கு அடைத்தால் பல்சக்கரம் ஓடாது; மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றும். எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு. இந்த வண்டியில் யாரோ நல்லெண்ணத்தோடு கிரீஸையும் அப்பியிருந்தார்கள். கிரீஸும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து களி கிண்டினாற்போல் ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி உலர்த்தி, எண்ணெய் வைக்காமல் விட்டோம். இந்த இடம் காய்ந்திருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம்.

சில சமயம் இதற்கு நேர்மாறாகப் பல்சக்கரம் போய் மாட்டிக்கொண்டு திரும்பாது. திருகினால் ‘டக்’, விளக்கும் மங்கும். அப்போது சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். மோட்டாரின் பின்புற மூடியை எடுத்தால் அச்சின் நுனி சதுரமாக இருக்கும் மாதிரிகளில், ஸ்பானரால் அதைத் திருப்பியும் விடுவிக்கலாம். பிளைவீலின் பற்களையும் பார்ப்பது நல்லது. நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது அநேகமாக இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே அந்த இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் தேய்ந்திருக்கும்.

மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் பெரியவர் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றினார். இதைச் செய்யாமல் ஸ்பானர் வைத்துப் பொசுங்கியவர்கள் உண்டு. உள்ளே பார்த்ததில் கார்பன் பிரஷ்கள் சமீபத்தில் போட்டவை. ஆயினும் எதிர்பார்த்ததைவிட அதிகம் தேய்ந்திருந்தன. (எட்டு மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும்.) ஆர்மேச்சரை வெளியே எடுத்துப் பார்த்தவர், செம்புக் கட்டைகளுக்கு நடுவே நகத்தால் நெருடி, “மைக்காவைக் குடைஞ்சு விட்டிருக்காங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார். கம்யூட்டேட்டரில் செம்புக் கட்டைகளைப் பிரித்து வைப்பது மைக்கா. டைனமோவாக இருந்தால் அதைச் சற்றுக் குடைந்து பள்ளமாக்க வேண்டும். இந்த செல்ப் மோட்டாரில் குடையவே கூடாது என்பது செய்தவர்களின் விதி. எங்கள் கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒரு காயில் சுற்றும் கடை. கிணற்று மோட்டாருக்குச் சுற்றிச் சுற்றிக் கை பழகியவர்கள் அவர்கள். கம்பி சுற்றுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு யந்திரத்தின் தர்மம் மற்றொன்றுக்கு அதர்மம் ஆகிவிடுகிறது. குடைந்த பள்ளங்களில் கரித்தூள் அடைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, நைஸான கண்ணாடித் தாளால் செம்பைத் துடைத்தோம். எமரித் தாள் கூடாது. அதன் பொடி பதிந்து பிரஷ்ஷைத் தின்னும். பழைய ஆர்மேச்சர் எங்கே என்று பெரியவர் கேட்டார். பழஞ்செம்பு விலைக்குப் போய்விட்டதாம். அது கெட்டுத்தான் போயிருந்ததா என்பதை இனி எந்த மீட்டரும் சொல்லாது.

கடைசியாகப் புஷ். அச்சு சுழலும் வெண்கல வளையத்துக்கு அந்தப் பெயர். தேய்ந்து போனால் ஆர்மேச்சர் சாய்ந்து பக்கத்து இரும்பில் உரசும், மோட்டார் மந்தமாகும், மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். இங்கே உரசிய தடம் லேசாகப் பளபளத்தது. புது புஷ்ஷைக் கடையில் வாங்கி வந்தவுடன் போடக் கையை நீட்டினேன்.

“அவசரப்படாதீங்க. எண்ணெயில ஊறோணும்.”

இந்த வெண்கலம் நுண்ணிய துவாரங்கள் உடையது. என்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுவதும் ஊறினால் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு காலமெல்லாம் சிறுகச் சிறுகக் கசியும். தனியே எண்ணெய் விடத் துவாரமே கிடையாது. மிகவும் அவசரமானால் நூறு டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கலாம். எங்களுக்கு அவசரம் இல்லை. அந்த அம்மாள் ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தியாகம் செய்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் புஷ் ஏறியது, மோட்டாரும் ஏறியது.

நடுவில், எண்ணெயில் புஷ் ஊறிக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசினார். 1893-ல் கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டியே யந்திரம் கற்றவர். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலும் நடத்தியவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டவர். “அவர் பிரிச்சுப் போட்டுத்தானே கத்துக்கிட்டார்? நம்மை மட்டும் பிரிக்காதேங்கிறீங்களே?” என்று நான் கேட்டேன். “அவரு வண்டியை அவரு பிரிச்சார். சனிக்கிழமை சம்பளம் அதுல தொங்கலையே!” என்றார் பெரியவர். எனக்குப் பதில் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோலனாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து மோட்டாரைச் சுற்ற வைக்கும் வித்தையைச் சாலையோரத்தில் பார்த்திருப்பீர்கள். கியரில் இருக்கும் வண்டிக்கு இதைச் செய்தால், முன்னால் நிற்கிறவர் மேலேயே வண்டி பாயும். நியூட்ரலா என்று கையால் அசைத்துப் பார்த்து, கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் எந்தச் சோதனையும். கைப்பிடி சுற்றியே தீர வேண்டுமானால், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. என் அடுத்த வீட்டுக்காரர் அமுக்கினவர்.

பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். பேரனுக்கு இரண்டு பனியன் போதும் என்றார். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்ததில் அளவு சிறிதாகிவிட்டதாம். நேற்று அந்த அம்மாளே பெரிய அளவாக இரண்டு எடுத்துக்கொண்டு, தெருக் கோடிக்குக் காரிலேயே போனாள். நடந்தால் ஐந்து நிமிஷந்தான். போகிற வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பிய சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்டது.